நிலம் அளக்கும் புழு



கொடைக்கானல் வீடுகளின் விளக்கொளியில், சாம்பல் நிறச் சிறு அந்துப்பூச்சிகள் சிறகு விரித்துச் சுவரோடு ஒட்டியிருக்கக் காண்கிறோம். ‘விட்டில்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவற்றுக்கும் பெயர் உண்டு; அப்பெயரைக் காண அறிஞர் பட்ட பாடும் உண்டு.

இவற்றுள் ஒரு குடும்பத்தின் புழுக்களுக்கு முன்னே மூன்று இணைக் கால்கள், பின்னே இரண்டு இணைக் கால்கள், நடுவில் ஏதுமில்லை. ஆகவே முதுகைக் காவடிபோல் வளைத்து, சாண் சாணாக அளந்து செல்கின்றன. நிலம் அளப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இக்குடும்பம் ஜியோமெட்ரிடே எனப்பட்டது. இதில் ஏறத்தாழ 23,000 இனங்கள் உள்ளன. 1825இல் பெயர் பெற்ற யூபிதேசியா என்னும் ஒரே பேரினத்தில் மட்டும் 1,400க்கு மேல்! பெரும்பாலானவை மலரையும் விதையையும் உண்ண, ஹவாய்த் தீவுகளில் சில ஈக்களைப் பிடித்துண்கின்றன.

சிறகை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் அரிது. உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். இன்று மரபணுவையும் ஒப்பிடுகின்றனர். ஓரினத்துக்கு இருவர் பெயரிட்டிருந்தால் பொதுவாக முந்தியதே நிலைக்கும். பேரினம் தவறெனத் தெரிந்தால் மாற்றிவிடுவர். உண்மைக்குப் பணியும் இம்மனம் போற்றத்தக்கது.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், 1895இல் வெளிவந்த தம் நூலில் இந்தியாவின் இக்குடும்பத்துப் பூச்சிகளை விவரித்தார். அதே ஆண்டில் செண்பகனூரில் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கு வாழ்ந்த குருக்கள் மலையின் செடிகளையும் உயிர்களையும் சேகரித்து அருங்காட்சியகம் அமைத்தனர். அச்சபையைச் சேர்ந்த தந்தை கே. எம். மத்தேயு, 1999இல் பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

செடியை அறிதல் புழுவை அறிதற்கும் வழியாகும். ஏனெனில், பல புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளையே உண்ணும். இம்மலையில் சோலைகளும் புல்வெளிகளும் இருந்த பல இடங்களில் இன்று வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. செடி மறைந்தால் புழுவும் மறையும். பெயர் பெறுமுன்னரே மறையவும் கூடும்.

உயிர்களுக்குப் பெயரிடும் பொறுப்பை இறைவன் ஆதாமிடம் அளித்ததாகத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். பெயரிடுவதற்கு அவ்வுயிர் முதலில் இருத்தல் வேண்டுமன்றோ! நம்மால் அழியும் உயிரினங்கள் தம் இருப்பால் இறைவனைப் புகழ இயலாமற் போவதை, 2015ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார்.

பெற்றோரே, சுவரில் அமர்ந்த பூச்சியைத் துடைப்பத்தால் அடிக்குமுன் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். தேவையற்ற வெளிவிளக்கை அணையுங்கள். வீட்டோரத்தில் இம்மலைக்கே உரிய செடியொன்றை வளருங்கள்.