பயமுறுத்தும் மச்சம்

உதட்டோரம் மச்சம் இருந்தால் அதிர்ஷ்டம் என்று கண்ணாடி முன் நிற்கிற ஆசாமிகள் நாம். (நான் உள்பட.)

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று ஒரு பரம்பரைத் தோல் நோய். சட்டைக் காலர் உரசினாலே கொப்புளம். இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கொப்புளம் வந்து ஆறின இடத்தில் திடீரென்று பெரிசாக ஒரு மச்சம் முளைக்கும். கோணல்மாணலாக, கன்னங்கரேலென்று, அசல் மெலனோமா புற்றுநோய் மாதிரியே! பெத்தவளுக்கு வயிற்றைக் கலக்காதா? வெட்டி எடுத்துடலாமே என்பீர்கள். உரசினாலே உரிகிற தோலில் தையல் போடுவது அவ்வளவு லேசா என்ன?

2001-ல் ஆஸ்திரிய டாக்டர்கள் இவற்றுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். பெரும்பாலும் சாது மச்சங்கள்தான். வருஷம் போகப் போக வெளிறும். ஆனாலும் போட்டோ எடுத்து வைத்து, லென்ஸில் பார்த்து, சந்தேகம் வந்தால் மட்டும் துளி சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். நோய் கடுமையானவர்களுக்கு எமன் வேறு இடத்தில் இருக்கிறான்: மாசக்கணக்கில் ஆறாத புண்ணில்.