பெயர்கள் வருகின்றன, காரணங்கள் வருவதில்லை

இலங்கை டெஸ்ட் குழாம் அறிவிக்கப்படும் நாளில் நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு தெரிவாளர்தான். தேநீர்க்கடையிலும் பஸ்ஸிலும் அலுவலக இடைவேளையிலும் விவாதம் சூடுபிடிக்கும். இவரை ஏன் சேர்த்தார்கள், அவரை ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை கிடைக்கும். முதலாவது பந்து வீசப்பட்டதும் அனைத்தும் அடங்கிவிடும். அடுத்த தொடரின்போது அதே விவாதம் மீண்டும் தொடங்கும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. 2025இல் இலங்கை அணி இரு பெரும் தூண்களை இழந்தது. பெப்ரவரியில் திமுத் கருணாரத்ன தமது 100ஆவது டெஸ்டுடனும், ஜூனில் அஞ்சலோ மெத்தியூஸ் தமது 119ஆவது டெஸ்டுடனும் விடைபெற்றனர். இருவரும் விடைபெற்ற இடம் காலி மைதானம். அந்த ஆண்டு முழுவதும் இலங்கை ஆடிய டெஸ்ட் போட்டிகள் நான்கே நான்கு. அவுஸ்திரேலியாவுடன் இரண்டு, பங்களாதேஷுடன் இரண்டு. இந்தியாவிலோ இங்கிலாந்திலோ ஓர் இளைஞன் ஒரு தொடரில் ஒதுக்கப்பட்டால் சில மாதங்களில் அடுத்த கதவு திறக்கும். ஆண்டுக்கு நான்கு போட்டிகள் ஆடும் நாட்டில் ஒதுக்கப்படுபவன் தன் இளமையில் ஓர் ஆண்டையே இழக்கிறான். ஆகவே, தெரிவுக்குழுவின் ஒரு கோடு இங்கே மற்ற நாடுகளிலும் பார்க்கக் கனமானது.

பொறுமையின் பலனுக்கு நமது கிரிக்கெட் வரலாற்றில் மாவன் அத்தபத்துவை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1990இல் இந்தியாவுக்கு எதிரான அறிமுகப் போட்டியில் இரு இனிங்ஸ்களிலும் பூச்சியம். 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 0, 1. 1994இல் மீண்டும் இந்தியாவுக்கு எதிராக 0, 0. ஆறு இனிங்ஸ்களில் மொத்தம் ஓர் ஓட்டம்! அத்தோடு அவரை எவரேனும் மறந்திருந்தால் குறை சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1997இல் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் ஓய்வுபெற்றபோது 90 டெஸ்ட்களில் 5,502 ஓட்டங்கள், 16 சதங்கள், அவற்றுள் ஆறு இரட்டைச் சதங்கள் அவர் பெயரில் இருந்தன. புள்ளிவிபரப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அவரை எவரும் தெரிவு செய்திருக்க முடியாது. அவருடைய துடுப்பாட்ட நுட்பத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள், பார்த்ததை நம்பியும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை கமிந்து மென்டிஸினுடையது. 2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமாகி 61 ஓட்டங்களைப் பெற்றார். அணியில் கொவிட் தொற்று ஏற்பட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. தொற்றிலிருந்து மீண்டவர்கள் திரும்பியதும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அதன்பின் இலங்கை ஒன்பது டெஸ்ட்களில் ஆடியது. ஒன்றிலேனும் அவர் இல்லை. 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தபோது 102, 164 என இரு இனிங்ஸ்களிலும் சதமடித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் 13 இனிங்ஸ்களில் 1,000 ஓட்டங்களை எட்டி டொன் பிரட்மனின் வேகத்தைச் சமன் செய்தார். அந்த 20 மாதங்களில் மெத்தியூஸ், சந்திமால், தனஞ்சய டி சில்வா ஆகியோர் மத்திய வரிசையில் இருந்தார்கள் என்பது உண்மையே. இடமில்லை என்பது ஏற்கத்தக்க பதில். ஆனால் அந்தப் பதிலை அன்று யாராவது பகிரங்கமாகச் சொன்னார்களா? அவரது பெயர் வரிசையில் எங்கே நிற்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருந்ததா?

சுழற்பந்து வீச்சாளர்களைப் பொறுத்தவரை நமது தெரிவு தற்செயலின் தயவில் நடந்துள்ளது என்றே சொல்ல வேண்டும். ரங்கன ஹேரத் 1999இலேயே அறிமுகமானவர். முரளிதரனின் நிழலில் பத்தாண்டுகள் கழிந்தன. 2009 ஜூலையில் முரளி காயமடைந்ததால், இங்கிலாந்தில் கழகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அவர் அவசரமாக அழைக்கப்பட்டார். 168 ஓட்டங்களைத் துரத்திய பாகிஸ்தான் 117க்குச் சுருண்டது. ஹேரத் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள். அப்போது அவருக்கு வயது 31. முடிவில் 433 விக்கெட்டுகளுடன் அவர் ஓய்வுபெற்றார். பிரபாத் ஜயசூரியவின் கதையும் அதே வழிதான். உடற்தகுதிச் சோதனையில் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கவில்லை என்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்தவர், 2022இல் அதே கொவிட் நெருக்கடியில் 30 வயதில் அறிமுகமாகி, முதற்போட்டியிலேயே 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஏழே டெஸ்ட்களில் 50 விக்கெட்டுகளை எட்டினார். ஒருவரைக் கொண்டுவந்தது காயம். மற்றவரைக் கொண்டுவந்தது தொற்றுநோய். தெரிவுக்குழுவின் திட்டம் இவ்விரண்டு கதைகளிலும் எங்கே இருந்தது?

தெரிவாளர்கள் எப்போதும் தவறு செய்பவர்கள் என்று சொல்வது அநீதி. 2019 பெப்ரவரியில், தலைவராக இருந்த தினேஷ் சந்திமாலை நீக்கி, புதியவர்களைக் கொண்ட ஓர் அணியைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பியபோது பலரும் சிரித்தார்கள். குசல் பெரேரா டேர்பனில் ஆட்டமிழக்காது 153 ஓட்டங்களைக் குவித்தார். தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணியாக இலங்கை நாடு திரும்பியது. 2024 செப்டெம்பரில் லண்டன் ஓவல் மைதானத்தில், ஆடுகளத்தின் தன்மையைப் பார்த்து பிரபாத் ஜயசூரியவையே நிறுத்தி நான்கு வேகப்பந்து வீச்சாளர்களுடன் களமிறங்கினோம். அணிக்கு மீண்டிருந்த பெத்தும் நிஸ்ஸங்கவின் ஆட்டமிழக்காத 127 ஓட்டங்களோடு 8 விக்கெட்டுகளால் வென்றோம். துணிவும் அறிவும் நமது தெரிவாளர்களிடம் இல்லாமலில்லை. இல்லாதது ஒழுங்கான முறை. முறை இல்லாதவிடத்து நல்ல முடிவும் அதிர்ஷ்டமாகவே தோன்றும். கெட்ட முடிவு சதியாகத் தோன்றும்.

முறையைக் கெடுப்பதில் அரசியலுக்குள்ள பங்கு சிறிதல்ல. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரத்தை வேண்டி நின்றது. 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்படவிருந்த ஒருநாள் அணி வீரர்கள், அமைச்சரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுத்து நிறுத்தப்பட்ட வேடிக்கையை உலகமே பார்த்தது. 2023 நவம்பரில் அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்ததைத் தொடர்ந்து சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணமும் நம் கையை விட்டுத் தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. சபையின் கணக்குவழக்கைக் கேட்பதற்கு அமைச்சருக்கு உரிமை இருக்கலாம். மூன்றாம் இலக்கத்தில் துடுப்பெடுத்தாடுவது யார் என்பதில் அவருடைய பேனைக்கு என்ன வேலை?

குழுக்கள் மாறும்போது வீரர்களின் தலைவிதியும் மாறுகின்றது. 2006 ஏப்ரலில் டெஸ்ட் அரங்கிலிருந்து ஓய்வுபெற்ற சனத் ஜயசூரிய, புதிய தெரிவுக்குழு பதவியேற்றதும் அதே ஆண்டு இங்கிலாந்துத் தொடரின் நடுவில் மீள அழைக்கப்பட்டார். 2007இல் அவுஸ்திரேலியாவில் வைத்து அத்தபத்து தெரிவாளர்களைக் கேலிப் பொம்மைகளுக்கு ஒப்பிட்டுப் பகிரங்கமாகச் சாடிவிட்டு, ஹோபார்ட் போட்டியுடன் விடைபெற்றார். அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த ஒரு மனிதரையே பொறுமையிழக்கச் செய்தது எது? விளக்கம் தராத மௌனம்தான் என்பது எனது எண்ணம்.

இவ்விவாதத்தில் நமது பக்கத்து வாதங்களையும் சொல்லியாக வேண்டும். முரளிதரன் 800 விக்கெட் எடுத்தாரே, பிறகு பாகுபாடு எங்கே என்று தெற்கில் கேட்பார்கள். வடக்கு, கிழக்கிலிருந்து எத்தனை பேர் டெஸ்ட் ஆடினார்கள், இதுவே பாகுபாட்டுக்குச் சான்று என்று நம்மவர் பதில் சொல்வார்கள். இரண்டும் சோம்பல் நிறைந்த வாதங்கள். முரளி கண்டியில், புல்தரை மைதானமும் பயிற்றுநர்களும் உள்ள பாடசாலையில் வளர்ந்தவர். போர் நடந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு அவை கிட்டவில்லை. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமரைக் காண இன்றும் யாழ்ப்பாணத்தில் கூட்டம் திரள்கிறது. யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தார். இருபது ஓவர் போட்டி தேடிச் சென்ற இடத்துக்கு நான்குநாள் கிரிக்கெட் ஏன் செல்லவில்லை?

விடை கழகக் கட்டமைப்பில் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதற்தரப் போட்டிகளில் ஆடிய பருவங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்தவை. சபைத் தேர்தலில் வாக்களிப்பவர்களும் கழகங்களும் சங்கங்களும் என்பதால் எண்ணிக்கையைக் குறைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. தரம் நீர்த்துப்போன போட்டியில் பெறும் சதத்தைத் தெரிவாளர் எப்படி நம்புவார்? நம்ப முடியாதபோது தெரிந்த முகங்களையே தேடுவார். அண்மைய ஆண்டுகளில் மாகாண அடிப்படையிலான நான்குநாள் போட்டிகளும், அவற்றில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணியும் வந்தமை நல்லது. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணி தொடங்கி வைக்கப்பட்டதும் நல்லது. ஆனால் அணிக்குப் பெயரும் மைதானத்துக்குக் கல்லும் மட்டும் போதா. அங்கே பிறந்து வளர்ந்த பையன் அந்த அணியில் ஆட வேண்டும். அவன் ஆடும்போது தெரிவாளர் ஒருவர் எல்லைக் கயிற்றின் அருகே அமர்ந்திருக்கவும் வேண்டும்.

நான் வேண்டுவது மிகக் குறைவு. தெரிவுக்குழுவுக்கு அமைச்சர் மாறினாலும் அசையாத, வரையறுத்த பதவிக்காலம் வேண்டும். குழாத்துக்கு அமைச்சரின் கையொப்பம் தேவை என்ற விதி எந்தச் சட்டத்திலும் இருக்கலாகாது. தெரிவாளர்கள் கொழும்புக்கு வெளியே எத்தனை நாட்கள் போட்டிகளைப் பார்த்தார்கள் என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அனைத்திற்கும் மேலாக, ஒவ்வொரு குழாத்துடனும் ஒரு பக்க விளக்கம் வர வேண்டும். இன்னார் ஏன் சேர்க்கப்பட்டார், இன்னார் ஏன் விடப்பட்டார், விடப்பட்டவர் திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் தேவையில்லை, மைதானம் தேவையில்லை, சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு தாளும், காரணத்தைச் சொல்லும் நேர்மையும் போதும். காரணம் எழுதப்பட்டால் நாம் அதனோடு முரண்படலாம், சில வேளை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். காரணம் எழுதப்படாதவரை இனம், பாடசாலை, கழகம், அமைச்சர் என்று நாம் ஊகித்துக்கொண்டேயிருப்போம். அந்த ஊகங்களின் சுமையைக் கடைசியில் தோளில் சுமப்பவன், பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காணாத இருபத்திரண்டு வயது இளைஞனே.