நம் பிள்ளைக்குப் போர்த்துவோமா?

அலமாரியைச் சுத்தம் செய்தால் எல்லா வீட்டிலும் ஒரு மூட்டை சேரும். சாயம் போன சட்டை, கிழிந்த நைட்டி, ஜிப் போன பேன்ட், அளவு சின்னதாகிப்போன சுடிதார். "இல்லாதவங்க யாருக்காவது கொடுத்திடலாம்" என்று வாசலில் எடுத்து வைக்கிறோம். அலமாரியில் இடம் கிடைக்கிறது. மனசுக்கும் திருப்தி. சரி, அந்த மூட்டையைப் பிரிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களில் இதற்குப் பதில் கிடைத்தது. லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. எடுக்க ஆளில்லை. வீட்டையும் படகையும் பறிகொடுத்தவர்கள்தான். ஆனாலும் அடுத்தவர் கழித்துப்போட்டதைக் கிளறி எடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அதில் தப்பென்ன இருக்கிறது?

நமக்கு வேண்டாததைக் கொடுப்பது ஒன்று. அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் போர்வை. கடையில் வாங்கியதைச் சொல்லவில்லை. துண்டுத் துணிகளை இணைத்து, அடுக்கடுக்காக வைத்து, கையால் தைக்கிற போர்வை. மேல்நாட்டில் இதை 'குவில்ட்' என்பார்கள்.

ஒரு சிறுமியின் போர்வை

1995 டிசம்பர் 24. அமெரிக்காவில் அப்போது செய்தித்தாளோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த 'பரேட்' என்ற இதழில், புகைப்படக் கலைஞர் எடி ஆடம்ஸ் எடுத்த குழந்தைகள் படங்கள் வெளியாயின. அதில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமியும் இருந்தாள். கீமோதெரபி நாட்களை அவள் தாண்டி வர உதவியது, எப்போதும் கூடவே வைத்திருந்த ஒரு போர்வை.

அதைப் படித்தார் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த கேரன் லவுக்ஸ். டென்வர் நகரில் உள்ள குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொடுக்க முடிவு செய்தார். அப்படித் தொடங்கியதுதான் 'ப்ராஜெக்ட் லைனஸ்'. 'பீனட்ஸ்' கார்ட்டூனில் போர்வையை விடாமல் இழுத்துக்கொண்டே திரிவானே ஒரு பொடியன், அவன் பெயர்தான் லைனஸ். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதற்குக் கிளைகள் இருக்கின்றன. தைப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

அவர்களுடைய விதிகளைப் பாருங்கள். போர்வை புதியதாக இருக்க வேண்டும். கையால் உருவாக்கியதாக இருக்க வேண்டும். துவைத்தால் தாங்க வேண்டும். கைக்குழந்தை முதல் 18 வயதுப் பிள்ளை வரை, வாங்கிக்கொண்டவர்களுக்கே அது சொந்தம்.

இந்தக் கடைசி விதி முக்கியம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு எதுவும் சொந்தமில்லை. கட்டில், விரிப்பு, போட்டிருக்கும் கவுன் எல்லாமே ஆஸ்பத்திரியுடையவை. கையில் ஏறும் ஊசிக்குக்கூட அவன் சம்மதம் கேட்பதில்லை. அங்கே "இது என்னுது" என்று சொல்ல ஒரு பொருள் இருந்தால்? போர்வை நோயைக் குணமாக்காது. அது மருந்தின் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது கட்டிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்குத்தான் போர்வை.

பெயர் எழுதிய துணி

2003ல் இராக் போருக்குப் போன மகனை நினைத்துத் தூக்கம் இழந்த தாய், டெலவேர் மாநிலத்தின் கேத்தரின் ராபர்ட்ஸ். போர் தொட்டுவிட்டுப்போன வீரர்களுக்காக அவர் தொடங்கியது 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்'. இந்தப் போர்வைகளின் பின்பக்கம் ஒரு சின்னத் துணிப்பட்டை இருக்கும். தைத்தவர் பெயரும் பெறுபவர் பெயரும் எழுத அதில் இடம் உண்டு. யார் யாருக்காக உட்கார்ந்து தைத்தார் என்பது துணியிலேயே இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் இரண்டாம் உலகப் போர். குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்காகக் கனடா நாட்டுப் பெண்கள் வீடுகளிலும் மாதா கோயில் கூடங்களிலும் கூடித் தைத்து, செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகக் கப்பலில் அனுப்பினார்கள். சங்கத்தின் பெயர் பொறித்த பட்டை தைத்த அந்தப் போர்வைகளில் சில, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பிரிட்டனில் பத்திரமாக இருக்கின்றன. அவசரத்துக்கு வந்த பொருள் குடும்பச் சொத்தாகிவிட்டது!

நமக்குப் புதுசா என்ன?

இதெல்லாம் குளிர் நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். வங்காளத்துக் 'காந்தா' பழைய புடவைகளை அடுக்கித் தைப்பதுதான். தைக்கிற வண்ண நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். மகாராஷ்டிராவில் 'கோதடி', கர்நாடகத்தில் 'கௌதி'. நம் வீடுகளிலும் பாட்டி புடவைதான் தூளி, அம்மா புடவைதான் பிள்ளை பெற்றவளுக்கு விரிப்பு. நூறு முறை துவைத்த பருத்திக்கு உள்ள மென்மை புதுத் துணிக்குக் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

டெல்லியில் 1999ல் 'கூஞ்ச்' அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா ஒரு சம்பவத்தைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அநாதைப் பிணங்களை எடுத்துச் செல்லும் ஒரு தொழிலாளியின் சின்ன மகள், குளிர் தாங்க முடியாத இரவுகளில் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவேன் என்று அவரிடம் சொன்னாளாம். பிணம் அசையாது, தொந்தரவு செய்யாது என்பது அவள் சொன்ன காரணம். ஆளைக் கொல்வது குளிர் அல்ல, உடுத்த துணி இல்லாமைதான் என்று அவர் உணர்ந்த இடம் அது. 2015ல் அவருக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடியாத அளவுக்கு நைந்த துணிகளைக்கூட அந்த அமைப்பு வீணாக்குவதில்லை. பெண்களிடம் கொடுத்து 'சுஜ்னி' என்னும் மெத்தைப் போர்வையாகத் தைக்க வைக்கிறது. தைப்பவருக்கு வேலை, பெறுபவருக்குப் போர்வை.

ஆக, பழசு என்பது குற்றமில்லை. பழசை அப்படியே தள்ளிவிடுவதுதான் குற்றம்.

ஒரு புடவை, ஒரு போர்வை

இப்போது செய்முறை. கிழிசல் இல்லாத, நன்றாகத் துவைத்த ஒரு பருத்திப் புடவையை எடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு புடவைதான். ஜரிகை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், குத்தும்.

புடவையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், அகலம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். 1.1 மீட்டருக்கு ஒரு மடிப்பாக மடித்தால் ஐந்து அடுக்கு வரும். அதுவே ஒரு குழந்தைக்குப் போதுமான சதுரப் போர்வை. பெரியவர்களுக்கு இரண்டு புடவை வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் ஆறு துண்டு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பஞ்சு தேவையில்லை. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது.

தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, முதலில் நீள நீளமாக நூலோட்டிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகச் சாதாரண ஓட்டுத்தையல். டெய்லர் கடையில் கேட்டால் வெட்டுத்துணி கிடைக்கும். அதில் பூவோ மீனோ வெட்டி மேலே வைத்துத் தைக்கலாம். நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, முதலில் ஓட்டிய நூலை உருவிவிடுங்கள். முடிந்ததும் ஒரு முறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். உள்ளே ஊசியோ குண்டூசியோ மாட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம்.

தாத்தா நூல் கோத்துக் கொடுக்கலாம். பேரன் பூ வெட்டலாம். ராத்திரி சீரியல் பார்க்கும் நேரத்தில் நாலு வரிசை ஓடிவிடும்.

கொடுப்பதற்கு முன்

முதலில் கேளுங்கள். முதியோர் இல்லமோ, குழந்தைகள் காப்பகமோ, ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்போ, எதுவானாலும் எத்தனை பேர், என்ன அளவு, உண்மையில் போர்வைதான் தேவையா என்று விசாரியுங்கள். அவர்களுக்கு இப்போது வேண்டியது செருப்பாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி என்றால் கூடுதல் கவனம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால் அங்கே புதுத் துணிதான் நல்லது. வார்டு பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிய பிறகே தையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது கனமான போர்வை போர்த்தக் கூடாது, மூச்சு முட்டும். தரையில் விரித்து விளையாடவிட அதையே பயன்படுத்தலாம் என்று கொடுக்கும்போதே தாயிடம் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் இடத்தில் போட்டோ வேண்டாமே. போர்வையை வாங்கிக்கொள்கிறவர் நம் ஸ்டேட்டஸுக்குப் போஸ் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையில் உங்கள் பெயரை மட்டும் தைத்துவிடுங்கள். அது போதும்.

இத்தனை விதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லையா? ஒரே ஒரு கேள்வி போதும். தைத்து முடித்ததை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: இதை நம் வீட்டுப் பிள்ளைக்குப் போர்த்துவோமா?

ஆமாம் என்றால் கொடுங்கள். கொஞ்சம் தயங்கினால், அது வீட்டில் கால் மிதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.