எல்லா வருத்தத்துக்கும் ஒரே பனடோல்

எங்கட பட்சில் ஒருத்தி முதலாம் வருசத்தில் கிற்றார் படிக்கப் போனாள். மூன்று மாதத்தில் சி வந்தது, ஏ மைனர் வந்தது, ஜி கொஞ்சம் அடம்பிடித்து வந்து சேர்ந்தது. எஃப் மட்டும் வரவேயில்லை. ஒவ்வொரு கிழமையும் "இன்னும் பிரக்டிஸ் பண்ணும்" என்று சொல்லி அனுப்பினார் படிப்பித்தவர். அவளும் சும்மா இருக்கவில்லை, இரவிரவாக இருந்து பண்ணினாள். கடைசியில் ஒருநாள் அவர் அவளுடைய கையைப் பார்த்துவிட்டு, "உமக்கு விரல் சின்னன். பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது கஷ்டம்தான்" என்றார். அதோடு கிற்றார் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

இரண்டு வருசம் கழித்து, பீட நிகழ்ச்சியொன்றுக்கு ஆள் போதாமல் நாங்கள்தான் அதைத் தூசு தட்டி இறக்கினோம். ட்யூன் பண்ணி எஃப் பிடித்துப் பார்த்தால் எங்களுக்கே வருகுதில்லை! நாலு பேர் மாறிமாறிப் பிடித்தோம். பிறகுதான் அடிமட்டம் ஒன்றை எடுத்து 12ஆவது பிரெட்டில் வைத்து அளந்தோம். தடித்த தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையில் 4 மில்லிமீற்றருக்கும் மேலே இடைவெளி. இரும்புத் தந்தி போட்ட சாதாரண கிற்றாரில் அது இரண்டரை மில்லிமீற்றர் அளவில் இருந்தால் காணும். கழுத்தின் நுனியில் தந்திகள் ஏறிக் கிடக்கிற நட் என்ற சின்ன வெள்ளைத் துண்டிலும் வெட்டின் ஆழம் போதாது. எஃப் பிடிக்கிறது முதலாவது பிரெட்டில், அந்த நட்டுக்குப் பக்கத்திலேயே. நட் உயரமென்றால் எல்லாவற்றிலும் கஷ்டமான இடம் அதுதான்.

அந்த மூன்று மாதத்தில் ஒருக்காலாவது யாரும் கிற்றாரைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார்கள்.

எங்கட ஊரில் காய்ச்சலென்றாலும் பனடோல், தலையிடியென்றாலும் பனடோல், மனம் சரியில்லை என்றாலும்கூட "ரெண்டு பனடோலைப் போட்டுட்டுப் படு" என்பார்கள். கிற்றாரில் அந்தப் பனடோலின் பெயர் "இன்னும் பிரக்டிஸ் பண்ணு". பிழை எங்கே என்று பார்க்காமல் கொடுக்கிற மருந்து. மற்றவர்களைக் குறைசொல்ல மட்டும் இதை எழுதவில்லை. எங்களிடம் வந்த ஜூனியர்மாருக்கு நாங்களும் இதையேதான் சொன்னோம், "பழகப் பழக வரும்" என்று, தோளில் தட்டி. சில பேர் திரும்பி வரவேயில்லை.

பழகப் பழக வரும்தான். ஆனால் என்ன வரும்? எது சரி, எது பிழை என்று கைக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் செய்கிறதை அது பிடித்துக்கொள்ளும். பிழையாகச் செய்தால் பிழையைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் நல்ல உறுதியாக. ஏ.எல். காலத்தில் பத்து வருசத்துப் பாஸ்ட் பேப்பரையும் செய்து, ஒன்றையும் திருத்திப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகிற பெடியனை நினைத்துப் பாருங்கள். அவன் சோம்பேறி இல்லை, எங்கள் எல்லாரையும்விட அவன்தான் கூடப் படிக்கிறான். ஆனால் அவனுடைய றிசல்ட் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பிழை பிடிக்கிறது பெரிய வித்தையில்லை. எஃப்பையே எடுப்போம். கோர்ட்டைப் பிடித்து ஆறு தந்தியையும் ஒரேயடியாக ஸ்ட்ரம் பண்ணினால் "சரியில்லை" என்பது மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு தந்தியாகத் தட்டுங்கள். அநேகமாக ஒன்றோ இரண்டோதான் ஊமையாக இருக்கும், மற்றதெல்லாம் ஒழுங்காகவே கேட்கும். "எஃப் வருகுதில்லை" என்ற பெரிய துக்கம் "இரண்டாவது தந்தியில் சத்தமில்லை" என்ற சின்னக் கேள்வியாகச் சுருங்குகிற இடம் அது. இனிக் குனிந்து அந்தத் தந்தியைப் பாருங்கள். விரல் பிரெட்டை விட்டுப் பின்னுக்கு நிற்கிறதா? பிரெட்டை ஒட்டி அழுத்தினால் கொஞ்சப் பலம் காணும், பின்னுக்குப் போகப் போகத் தந்தி கரகரக்கும். பக்கத்து விரல் சரிந்து முட்டுகிறதா? இல்லையென்றால் சுட்டுவிரலின் மடிப்பு அந்தத் தந்திக்கு மேலேயே விழுகிறதா? மடிப்பில் ஒரு பள்ளம் இருக்கும், தந்தி அதற்குள் போய் ஒளிந்துவிடும். விரலை ஒரு நூல் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் வெளியே வந்துவிடும்.

எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தராத இன்னொரு விசயம் இருக்கிறது. எஃப்பில் சுட்டுவிரல் ஆறு தந்தியையும் அழுத்தத் தேவையேயில்லை. ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது தந்திகளை மற்ற மூன்று விரல்களும் பிடித்துக்கொண்டுதானே இருக்கின்றன. சுட்டுவிரலுக்கு மிஞ்சுவது ஆறாவதும், கீழே உள்ள இரண்டும் மட்டும். விரல் நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. விரலின் மெத்தென்ற உள்பக்கத்தால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சரித்து எலும்பான விளிம்பால் பிடித்தால் இன்னும் இலேசு. இது தெரியாமல் நாங்கள் ஒரு வருசம் ஆறு தந்தியோடும் மல்லுக்கட்டினோம்!

பிழை கையிலா கிற்றாரிலா என்று சந்தேகமென்றால், அதே பிடியை அப்படியே ஐந்தாவது பிரெட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே சுகமாக வந்து முதலாவதில் மட்டும் வராவிட்டால், கையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டாவது பிரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தந்தியை அழுத்தி, முதலாவது பிரெட்டுக்கு மேலே பாருங்கள். இடைவெளி மயிரிழைதான் இருக்கவேணும். தாராளமாக வெளிச்சம் தெரிந்தால் நட் உயரம். திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களாக அரத்தைத் தூக்காதீர்கள். தேய்த்தது தேய்த்ததுதான்.

அடுத்தது பலம். நாங்கள் எல்லாரும் தேவைக்கு மேலே அழுத்துகிறோம். நம்பாவிட்டால் ஒரு தந்தியில் விரலைச் சும்மா தொட்டு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டித் தட்டிக் கொஞ்சங் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். சத்தம் தெளிகிற இடத்தில் நிப்பாட்டுங்கள். "இவ்வளவுதானா?" என்று இருக்கும். பிறகு, ஒரு கோர்ட்டைப் பிடித்தபடியே கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். எடுத்தவுடன் எல்லாம் குலைந்தால், இதுவரை கட்டைவிரலால் இடுக்கிமாதிரி நெரித்திருக்கிறீர்கள். அழுத்தத்தில் ஒரு பங்கு கையின் பாரத்தால், முழங்கை பின்னுக்கு இழுக்கிற இழுவையால் வரவேணும். கட்டைவிரல் சும்மா ஒரு துணைக்குத்தான்.

இதைச் சொன்னால், "இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா பாட்டு எப்ப வாசிக்கிறது?" என்று கேட்பார்கள். வாசியுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் ஒரு பாட்டில் தடக்குப்படுகிற இடம் அநேகமாக ஒன்றுதான், சியிலிருந்து எஃப்புக்குப் போகிற இடம் மாதிரி. அந்த அரை செக்கனுக்காக முழுப் பாட்டையும் இருபது தரம் வாசித்தால், வந்த இடத்தை இருபது தரம் வாசித்தோம், வராத இடத்தில் இருபது தரம் தடக்கினோம், அவ்வளவுதான். அந்த இரண்டு கோர்ட்டை மட்டும் எடுங்கள். முதலில் ஸ்ட்ரம் பண்ணாமல் விரல்களை மட்டும் மாற்றுங்கள். எந்த விரல் பிந்துகிறது, எது தேவையில்லாமல் ஆகாயத்துக்குத் தூக்குகிறது என்று பாருங்கள். சியிலிருந்து ஏ மைனருக்கு மாற ஒரே ஒரு விரல்தான் இடம் மாறவேணும். நாங்கள் மூன்றையும் தூக்கி மூன்றையும் திரும்ப வைத்துக்கொண்டிருந்தோம். போனைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து ஒரு வீடியோ எடுத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. வீடியோவைப் பார்க்க வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, அழிச்சுப்போட்டுப் போகலாம்.

சின்னனில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது புதினமில்லை. சரளி வரிசை முதலாம் காலத்தில் சுத்தமாக வராமல் ரீச்சர் இரண்டாம் காலத்துக்கு விடமாட்டா. அங்கே மூன்று காலத்திலும் பொறுமையாகப் பாடின ஆக்கள்தான் கிற்றாரை எடுத்தவுடன் முதல்நாளே பாட்டின் முழு வேகத்துக்கு அடிக்கப் பார்க்கிறோம். மெற்றோனோம் போனிலேயே இருக்கிறது. 60இல் தொடங்குகிறது ஒரு மானக்கேடும் இல்லை.

"நோகாமல் வராது" என்றும் ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் எங்களுக்குப் பிடிக்கவேயில்லை. முதல் கிழமைகளில் விரல்நுனி எரியும், தோல் தடிக்கும், அது சரி, தானாகப் போய்விடும். மணிக்கட்டு நோகிறது, கட்டைவிரலின் அடி நோகிறது, விரல் விறைக்கிறது என்றால் அது வேறு. உடனே நிப்பாட்டவேணும். நின்றபாடில்லை என்றால் டொக்டரிடம் காட்டவேணும். எங்களில் ஒருத்தன் மணிக்கட்டு நோவோடு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வாசித்து, கடைசியில் செமஸ்டர் எக்ஸாமில் பேனை பிடிக்கவே கஷ்டப்பட்டான். காரணம் கதிரையில் கூனிக்கொண்டு, மணிக்கட்டை முழுக்க மடித்து வாசித்ததுதான். ஒரு பட்டி வாங்கி, கிற்றாரின் கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தியவுடன் மணிக்கட்டு நிமிர்ந்துவிட்டது.

விரல் கதைக்கு வருவோம். ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928இல் தீவிபத்தில் இடது கையின் மோதிரவிரலும் சின்னிவிரலும் சுருங்கிப்போயின. பிறகு அவர் வாசித்த தனி வாசிப்புகள் பெரும்பாலும் மற்ற இரண்டு விரலால்தான். பிளாக் சபாத்தின் டோனி அயோமி இடதுகைக்காரர், தந்தியை அழுத்துகிற வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பர்மிங்ஹாமில் தொழிற்சாலை இயந்திரத்தில் இழந்தார், 17 வயதில். ஊக்கப்பேச்சாளர்மாதிரி "அவையால் முடியுமெண்டா உன்னாலும் முடியும்" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று மட்டும் பாருங்கள். ஜாங்கோ எந்த விரல் வேலை செய்யும் என்று பார்த்து வாசிப்பையே மாற்றினார். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்கு மூடி செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பிற்பாடு ட்யூனிங்கையே இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். கருவியைக் கைக்கு ஏற்றமாதிரி மாற்றினார்கள். எங்கட தோழிக்குக் கிடைத்தது, விரல் சின்னன் என்ற தீர்ப்பு. மெல்லிய தந்தி இருக்கிறது, முக்கால் அளவுக் கிற்றார் இருக்கிறது, கேப்போ இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய வகுப்பில் எஃப் வராத பெடியன்களும் இருந்தார்கள். அவர்களின் விரலை யாரும் அளக்கவில்லை.

நட்டைத் தேய்த்து, சாடிலை இறக்கி, 10 செட் தந்தி போட்டாயிற்று. நிகழ்ச்சிக்கு நாள் காணாது என்று கேப்போ போட்டு, எஃப் வராதமாதிரிக் கோர்ட்டை மாற்றி வாசித்தாள். இப்போது பின்னேரங்களில் எஃப் பிடித்துப் பார்க்கிறாள். ஐந்து தந்தி கேட்கிறது. இரண்டாவது தந்தி இன்னும் ஊமைதான். நேற்று நாங்கள் வாயைத் திறக்க முதலே அவளே சொன்னாள், "பொறுங்கோ, மடிப்பு அதிலதான் விழுது."