கால்மைலும் கைத்திறனும்

பழைய மோட்டார் வண்டி என்றதும், கலியாண ஊர்வலத்திற் பூமாலை சூடி ஊர்ந்து செல்லும் அலங்காரப் பொருளையே நம்மிற் பலர் நினைக்கின்றனர். அஃது ஓடுவதற்கென்றே பிறந்தது என்பதையும், அவ்வோட்டத்தை அளந்து மதிப்பிடலாம் என்பதையும் எண்ணுவோர் சிலரே. வீட்டுப் பட்டறையிலே எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழைய வண்டிக்குப் புத்துயிர் தருபவனின் திறமைக்கு உரைகல் யாது? 'டிராக்' பந்தயம் என மேனாட்டார் வழங்கும் கால்மைல் நேரோட்டமே அவ்வுரைகல் என்பது என் துணிபு.

அதன் விதி மிக எளியது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 402 மீற்றரை நேர்கோட்டிற் கடத்தல் வேண்டும். முடிவில் இரண்டு எண்கள் கிடைக்கும்: ஒன்று, எடுத்த நேரம், மற்றையது, எல்லைக்கோட்டை அடைந்தபோதிருந்த வேகம். நேரத்திலே ரயரின் பிடிப்பும், கியரின் பொருத்தமும், புறப்பாட்டில் ஓட்டுபவன் காட்டும் நிதானமும் அடங்கும். இறுதி வேகமோ எஞ்சினின் வலு, வண்டியின் எடைக்கு எவ்வளவு ஈடு கொடுக்கிறது என்பதைக் காட்டிவிடும். வேகம் மிகுந்திருந்தும் நேரம் நீண்டதாயின், வலு உண்டு, அதைத் தரையிற் சேர்க்கும் வித்தை இல்லை என்பது பொருள்.

20 வினாடியில் ஓடி முடித்த வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீற்றர். ஆர்முடுகல் சீராக இருப்பின் இறுதி வேகம் இதன் இருமடங்காதல் வேண்டும். ஆயின், காற்றின் தடையும் கியர் மாற்றமும் அதனைக் குறைத்துவிடும். எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என ஆராயும் மாணவனுக்குப் பௌதிகவியலில் இதனினுஞ் சுவையான பாடம் உண்டோ?

இத்தகைய கைத்திறன் நமக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் தடையால் வாடிய யாழ்ப்பாணத்திலே, பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகள் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. அவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆதலாலேயே அவ்வெரிபொருளை அவை தாங்கின. பட்டம் பெறாத பட்டறைத் தொழிலாளர் இந்நுட்பத்தைக் கையாண்டு ஊரை நடமாடச் செய்தனர். நாட்டார் பாடலைத் தொகுத்துக் கூத்தைப் பதிப்பித்த நம் இலக்கிய வட்டங்கள் பட்டறை அறிவுக்கும் அத்தகைய மதிப்பை அளித்தல் முறையன்றோ?

ஆனால், வேகத்தைப் பொது வீதியில் அளக்க முனைதல் பெருங்கேடு. மாடுகளும் பாடசாலைப் பிள்ளைகளும் மட்டுமன்றிப் புள்ளிமான்களும் நடமாடும் திருகோணமலை வீதிகள் பந்தயத்துக்கு உரியன அல்ல. எஞ்சினின் வலுவைப் பெருக்கியவன் பழைய பிறேக்கை அப்படியே விட்டிருந்தால் என்னாகும்? இளமையின் ஆர்வத்தைக் கண்டிப்பது எளிது. அதற்குத் தக்க களம் அமைத்துக் கொடுத்தலே பெரியோர் கடன்.

களத்தைப் பிற நாட்டார் எங்கே கண்டனர்? விமான ஓடுபாதையிலே கண்டனர். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவிலும், 1966இல் இங்கிலாந்தின் சாண்டா பொட்டிலும் கால்மைல் களங்கள் அவ்வாறே தோன்றின. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்திலும், நம் நாட்டின் கட்டுக்குருந்தையிலும் விமானத்தளங்களே மோட்டார்ப் பந்தயங்களுக்கு இடமளித்தன.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துச் சீனக்குடா இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்ட அவ்விடம் இன்று விமானப்படையின் தளம். பாதுகாப்புக்குரிய இடத்தைப் பந்தயத்துக்குத் திறக்கலாமா என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. நான் கேட்பது ஆண்டில் இரண்டொரு நாட்கள் மட்டுமே. அதுவும் விமானப்படையின் இசைவோடும் மேற்பார்வையோடும். வண்டிகளைச் சோதித்த பின்னரே ஓடவிடல் வேண்டும். தலைக்கவசமும் வைத்திய உதவியும் இன்றியமையாதன. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்கு நீண்ட வெளியும் வேண்டும். அங்கு இயலாதெனின், வேறொரு மூடிய நேர்ப்பாதையைத் தேடலாம்.

அந்நாளில் நேரம் குறிக்கும் பணியை மாணவரிடம் ஒப்படைப்போமாக. நிறுத்தற்கடிகாரத்துடன் அவர்கள் ஒருபுறம் நிற்க, எண்ணெய்க் கறை படிந்த கையோடு பட்டறைக்காரர் மறுபுறம் நிற்கட்டும். ஏட்டறிவும் கையறிவும் ஒன்றையொன்று மதிக்கக் கற்பதற்கு 402 மீற்றர் போதும்.