நியோதா நோட்டின் இரண்டு பக்கங்கள்

"திருமணம் ஒரு சமூகத்தை ஒன்றுகூட்டுகிறது" என்னும் வாக்கியத்தை ஒருமுறையேனும் எழுதாத சமூகவியல் மாணவர் அரிது. நானும் எழுதியிருக்கிறேன். மேற்கு உத்தரப் பிரதேசத்தில், கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட ஒரு கஸ்பாவில் களப்பணியைத் தொடங்கிய முதல் ஆண்டு அது. நான் தங்கியிருந்த வீட்டின் திருமணம் முடிந்த மறுநாள், 'ஊர் முழுவதும் வந்திருந்தது' என்று களக்குறிப்பேட்டில் எழுதினேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலும் அவ்வரி ஏறக்குறைய அப்படியே இடம்பெறவிருந்தது. இப்போது அதை நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்பதை, களப்பணிக்குப் புறப்படவிருக்கும் மாணவர்களை முன்னிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவ்வரி முழுப் பொய்யன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். கஸ்பா என்பது கிராமம் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது. நகரம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி கழிந்ததும் அங்கே திருமணப் பருவம் தொடங்கிவிடும். முன்பெல்லாம் ஒரு வீட்டில் திருமணம் என்றால் தெருவிலுள்ள அத்தனை வீடுகளின் கயிற்றுக் கட்டில்களும் பஞ்சுப் போர்வைகளும் அங்கே வந்து சேரும். எது எவருடையது என்று பின்னர் பிரித்தறிய, மூலையில் ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு நிற நூலைத் தைத்து வைத்திருப்பார்கள். அப்படித் தைக்கப்பட்ட போர்வைகளை இன்றும் அலமாரிகளில் காணலாம். இனிப்புச் சமையல்காரரான ஹல்வாயி முற்றத்தில் அடுப்பு மூட்டியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பூரி இட உட்கார்ந்துவிடுவார்கள். மணமக்களின் தாய்மாமன் உடைகளோடும் பணத்தோடும் வாசலில் வந்து நிற்க, உடன்பிறந்தாள் அவருக்குத் திலகமிட்டு வரவேற்கும் 'பாத்' சடங்கில் கண்கலங்காதவர் குறைவு. நம்மூர்த் தாய்மாமன் சீரை அறிந்தவர்களுக்கு அக்காட்சி அயலாகத் தோன்றாது.

இந்த ஒன்றுகூடல் வெறும் உணர்ச்சியால் நிகழ்வதன்று. அதற்கு ஒரு கணக்கு உண்டு. 'நியோதா' என்னும் இந்திச் சொல்லுக்கு அழைப்பு என்பது பொருள். அழைப்பை ஏற்று வருவோர் தரும் பணத்துக்கும் அதுவே பெயர். பந்தலின் வாயிலருகே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை ஆகிய மூன்றும் அதில் ஏறும். 101, 251, 501 என்று ஒரு ரூபாய் கூட்டித் தருவது வழக்கம். நாளை கொடுத்தவர் வீட்டில் திருமணம் வரும்போது, நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்புவார்கள். ஆகவே கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. நேராகிவிட்டால் உறவு முடிந்தது என்று பொருள். நம் மொய் நோட்டின் தருக்கமும் இதுவே. கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்று கடமைகளைப் பற்றி 1925இல் மார்செல் மோஸ் எழுதியதை வகுப்பறையில் படித்தவர்களுக்கு, அந்த நோட்டு ஒரு பாடநூலைப் போலவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வீட்டின் மூத்தவரை ஊரே தாவூஜி என்றழைக்கும். பெரியப்பா என்று பொருள். என் ஆர்வத்தைக் கண்டு, வீட்டிலிருந்த பழைய நியோதா நோட்டுகளையெல்லாம் அவர் ஒருநாள் எடுத்துத் தந்தார். அவருடைய தங்கையின் திருமணக் கணக்கு இருந்த நோட்டின் தாள்கள் பழுத்து உதிரும் நிலையில் இருந்தன. வரவுப் பக்கத்தில் உறவினர், சாதிக்காரர், கடைவீதி வணிகர், பள்ளி ஆசிரியர் எனப் பெயர்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. செலவுப் பக்கத்தில் மாவு, நெய், சர்க்கரை, விறகு. அவற்றின் கீழே, 'டோலுக்கு', 'இலைத் தட்டுக்கு', 'தண்ணீருக்கு', 'துப்புரவுக்கு' என்று சில வரிகள். அவற்றுக்கு எதிரே கொஞ்சம் பணமும் கொஞ்சம் தானியமும் குறிக்கப்பட்டிருந்தன. ஆட்களின் பெயர்கள் இல்லை. தொழிலே பெயராக நின்றது.

டோல் அடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டின் எல்லாத் திருமணங்களுக்கும் வந்தவர்கள். வாயிலில் நோட்டு விரிக்கப்படுவதற்கு முன்பே வந்து, கடைசி விருந்தினர் போன பின்னரே சென்றவர்கள். நான் கேட்டேன்: "தாவூஜி, இவர்களும் திருமணத்துக்கு வந்தவர்கள்தானே? நியோதாப் பக்கத்தில் ஏன் இல்லை?" அவர் சினம் கொள்ளவில்லை. என் அறியாமையைக் கண்டு சிரித்தார். "வந்தவர்கள்தான் பேட்டா. அவர்கள் இல்லாமல் எந்தத் திருமணம் நடந்தது? ஆனால் அவர்களிடம் எப்படி நியோதா வாங்குவது?"

'வாங்குவது' என்ற அச்சொல்லில்தான் என் இயல் தடுக்கி விழுந்தது. அவர்களுக்குக் கொடுப்பதில் தாவூஜியின் குடும்பத்துக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. கொடுத்திருக்கிறார்கள், சில வேளைகளில் தாராளமாகவே. பெற்றுக்கொள்வதுதான் இயலாத காரியம். பெற்றால் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு அவர்கள் வீட்டுத் திருமணத்துக்குப் போக வேண்டும். போனால் அமர்ந்து உண்ண வேண்டும். நியோதா நோட்டு, யார் யார் வந்தார்கள் என்பதன் பதிவன்று. யார் வீட்டுக்குத் தாங்கள் போவோம் என்பதன் பதிவு. அந்தப் பட்டியலையே நான் 'ஊர்' என்று எழுதியிருந்தேன்.

இதே வட்டாரம் நம் துறைக்கு மிகப் பழகியது. மைன்புரி மாவட்டத்தின் கரீம்பூரை ஆராய்ந்த வில்லியம் வைசர், ஜஜ்மானி முறையைப் பற்றிய தம் நூலை 1936இல் வெளியிட்டார். ஒவ்வொரு சாதியும் மற்றொன்றுக்குத் தொண்டு செய்து தானும் தொண்டு பெறும் பரஸ்பர ஏற்பாடாக அதை அவர் கண்டார். 1959இல் தாமஸ் பீடல்மன் அதே முறையை ஒப்பிட்டு ஆராய்ந்து, நிலம் யாரிடம் இருக்கிறது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை முன்வைத்தார். பரஸ்பரம் என்ற சொல் எவ்வளவு சுரண்டலை மறைக்கிறது என்று காட்டினார். சஹாரன்பூர் மாவட்டத்துப் பஹன்சூ கிராமத்தை ஆராய்ந்த குளோரியா ராஹேஜாவின் 1988ஆம் ஆண்டு நூல் இன்னும் ஒரு படி சென்றது. ஆதிக்கச் சாதியினர் தரும் தானங்களில் பல, தங்கள் குடும்பத்தின் அமங்கலத்தைப் பெறுபவர்மீது இறக்கிவைக்கும் வழிகள் என்று அது விளக்கியது. இவற்றையெல்லாம் தேர்வுக்காகப் படித்திருந்தும், திருமண வீட்டின் விளக்கொளியில் நான் வைசரின் கண்களோடுதான் நின்றிருந்தேன். விருந்தோம்பலுக்கு ஆய்வாளரை மயக்கும் ஆற்றல் உண்டு. நாம் தங்குவது பெரும்பாலும் நோட்டு வைத்திருப்போர் வீட்டில்தான்.

மறுபக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதாமல் இல்லை. முசாபர்நகர் மாவட்டத்தின் பர்லாவில் பிறந்த ஓம்பிரகாஷ் வால்மீகி, 1997இல் வெளியான 'ஜூட்டன்' என்னும் தன்வரலாற்றில் ஒரு திருமணத்தை நினைவுகூர்கிறார். திருமண வீட்டுக்காக நாள்கணக்கில் உழைத்த குடும்பம் அவருடையது. விருந்து முடிந்ததும் அவருடைய தாயார் குழந்தைகளுக்குக் கொஞ்சம் உணவு கேட்கிறார். எச்சில் இலைகளில் எஞ்சியதுதான் உனக்கு என்று வீட்டுக்காரர் இழிவுபடுத்துகிறார். தாயார் கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுகிறார். அதன்பின் அவ்வாசலை மிதிக்கவேயில்லை. அந்தத் திருமணமும் ஒரு சமூகத்தை ஒன்றுகூட்டியதுதான். நம் நூல்களிலுள்ள 'ஒன்றுகூடல்' என்ற சொல்லால் அந்தக் கூடையை ஏந்த முடியுமா?

வீட்டுக்குள் நோட்டு செய்வதை வெளியே தெரு செய்கிறது. மணமகன் குதிரையேறி, இசைக்குழு முன்செல்ல, 'பாராத்' என்னும் ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குப் போவது வடபுலத்துத் திருமணத்தின் உச்சம். தெரு எல்லோருக்கும் பொது என்பது சட்டம். ஆனால் 1990 ஜூனில் ஆக்ரா மாவட்டத்துப் பன்வாரியில் ஒரு ஜாதவ் குடும்பத்தின் திருமண ஊர்வலம் தடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த வன்முறை சுற்றுவட்டாரமெங்கும் பரவியது. 2018இல் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் தாக்கூர்கள் மிகுந்த ஒரு கிராமத்தின் வழியே ஊர்வலம் செல்ல, ஒரு தலித் மணமகன் அதிகாரிகளையும் உயர் நீதிமன்றத்தையும் மாதக்கணக்கில் நாட வேண்டியிருந்தது. இறுதியில் பெருந்திரளான காவலரின் பாதுகாப்போடுதான் அது நடந்தது. இவை தனித்த நிகழ்வுகளல்ல என்பதற்குச் சட்டப்புத்தகமே சான்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், திருமண ஊர்வலம் செல்வதையும் அதில் குதிரையேறுவதையும் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாக எழுதிச் சேர்த்தது. ஒரு குடியரசு தன் குடிமகன் மாப்பிள்ளையாகக் குதிரை ஏறலாம் என்று பிரிவு எண்ணிட்டு எழுத நேர்ந்ததென்றால், சிற்றூர்த் திருமணம் எதை ஒன்றுகூட்டுகிறது, எதைப் பிரித்து நிறுத்துகிறது என்பதற்கு வேறு ஆய்வு வேண்டியதில்லை.

எல்லாமே மாறிவிட்டதே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இன்று கஸ்பாவிலும் வாடகைப் பந்தல் கடைகள் உண்டு. கட்டிலும் போர்வையும் வண்டியில் வருகின்றன; பூரி இடுவதற்குக் கூலியாட்கள் வருகிறார்கள்; புறவழிச் சாலையில் திருமண மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. தாவூஜி இதை எண்ணி வருந்துகிறார். "இப்போது விருந்தினர் வருகிறார்கள், வீட்டார் எவரும் வருவதில்லை" என்பார். அந்த வருத்தத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நியோதா என்பது வட்டியில்லாக் கடன். அது மெலிந்த இடத்தை வட்டிக்காரர் நிரப்புகிறார். வரதட்சணையோடு மண்டபச் செலவும் சேர்ந்து பெண்ணைப் பெற்றவரை அழுத்துகிறது. ஆனால் நூல் தைத்த போர்வைகள் போனதற்காக வருந்தும் குரல்கள், டோல் அடித்தவர்களின் தெருவிலிருந்து எனக்குக் கேட்கவில்லை. வாடகைக் கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். சாதி கேட்டாலும் நாற்காலியைத் தர மறுப்பதில்லை. சந்தை அவர்களை விடுவித்துவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். நாற்காலி வாடகைக்குக் கிடைப்பதும் தெரு வழிவிடுவதும் வேறு வேறு. எனினும் பழைய ஒற்றுமையின் இழப்பை எல்லோருக்கும் பொதுவான இழப்பாக எழுதுவது, செலவுப் பக்கத்தாரை இரண்டாம் முறையாக நீக்குவதாகும்.

அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் நிறுவினார். அப்படியானால் திருமணமே சாதி ஆண்டுதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம். அதே திருமணத்தை ஊர் ஒற்றுமையின் சின்னமாகவும் எழுதுகிறோம். இவ்விரண்டையும் ஒரே பத்தியில் வைத்து எழுதும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆகவே களத்துக்குச் செல்லும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. திருமணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவரும் என்னவாக வந்தார்கள் என்று கேளுங்கள். யாரிடமிருந்து பெறுகிறார்கள், யாருக்குக் கொடுக்க மட்டும் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்பியது, எந்தத் தெருவைத் தவிர்த்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால், நீங்கள் தங்கியிருக்கும் வீட்டின் நோட்டோடு மற்றொரு தெருவின் நோட்டையும் கேட்டுப் பாருங்கள்.

நான் தாமதமாகவே கேட்டேன். டோல் அடித்த குடும்பத்தின் இன்றைய தலைமுறைக்காரர் பள்ளி ஆசிரியர், டோலைத் தொடுவதில்லை. சென்ற ஆண்டு அவர் மகளின் திருமணத்துக்குத் தாவூஜியின் வீட்டுக்கு நேரில் சென்று அழைப்பு வைத்தார். தாவூஜி வரவில்லை. பேரன் கையில் ஓர் உறை வந்தது. பேரனும் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினான். திருமணத்துக்குப் பிறகு ஆசிரியர் தம் நோட்டை எனக்குக் காட்டினார். தாவூஜியின் முழுப்பெயர், தெருப்பெயர், எதிரே 501 ரூபாய். நியோதாப் பக்கத்தில், மற்றப் பெயர்களின் நடுவே அது எழுதப்பட்டிருந்தது.

"இதை அவர் அன்பளிப்பாகத் தந்திருக்கலாம்; திருப்ப வேண்டும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்" என்றேன். "அவர் எப்படித் தந்தார் என்பது அவர் விருப்பம். நான் எப்படிப் பெற்றேன் என்பது என் நோட்டில் இருக்கிறது" என்றார் அவர்.

வரும் கார்த்திகைக்குப் பின் தாவூஜியின் பேரனுக்குத் திருமணம். ஆசிரியர் உறையோடு போகத்தான் போகிறார். கூடுதலாக 50 ரூபாயும் வைப்பாராம். வாயிலில் நோட்டோடு அமர்ந்திருப்பவர் அந்த உறையை வாங்குவாரா, வாங்கினால் எந்தப் பக்கத்தில் எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. என் மூன்றாம் இயல் அதுவரை முடியாமல்தான் இருக்கும்.