கைப்பேசி ஓய்ந்தால் கைகொடுக்கும் அமெச்சூர் வானொலி

கேமரன் மலை மக்கள் 2014 நவம்பர் 5-ஆம் தேதியை மறக்கமாட்டார்கள். ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் பாய்ந்த சேற்று வெள்ளம் உயிர்களைப் பலி கொண்டது. இத்தகைய பேரிடரில் மின்சாரம் நின்றுபோனால் கைப்பேசிக் கோபுரங்களும் நெடுநேரம் தாங்குவதில்லை. அப்போது பேட்டரியில் இயங்கும் அமெச்சூர் வானொலி உதவும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் இதன்வழிதான் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினர்.

இணையத்தில் வாக்கி டாக்கி வாங்கினால் போதாதா எனப் பலர் கேட்கலாம். போதாது. 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும், சிரிம் அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்குத் தேர்வு தேவையில்லை. ஆனால், அமெச்சூர் அலைவரிசையில் பேச, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, அழைப்புக் குறியீடு பெற வேண்டும். 'பி' பிரிவினரின் குறியீடு 9டபிள்யூ எனத் தொடங்கும். அதற்கு மோர்ஸ் சங்கேதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. தோட்ட நிர்வாக வேலைக்கோ வியாபாரத்திற்கோ இந்த அலைவரிசையைப் பயன்படுத்தக் கூடாது.

உரிமம் கிடைத்த பிறகும் பயிற்சி தேவை. கைக்கருவியின் அலை மலையைத் துளைத்துச் செல்லாது. அடுத்த பள்ளத்தாக்கை எட்ட, உயரத்தில் உள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேச வேண்டும். அவசரச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லவும் பழக வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ளச் சங்கமே நல்ல இடம். 1952-இல் தொடங்கிய 'மார்ட்ஸ்' இத்துறையில் நாட்டின் மூத்த சங்கம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேராவது உரிமம் பெற்றால், அடுத்த பெருமழையில் லயத்து வீடுகள் தனித்து விடப்படமாட்டா.